மூன்று மருத்துவமனை, மூன்று பெயர்: அப்பாவுக்கு வந்தது எந்த ஸ்ட்ரோக்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. சர்க்கரையும் பி.பி.யும் 14 வருடங்களாக இருக்கின்றன. ஐந்து வாரங்களுக்கு முன்பு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. வலது கையும் காலும் பலமிழந்தன, பேச்சும் சரியாக வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. முதல் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் ‘நார்மல்’. ‘சின்ன ரத்தக்குழாய் அடைப்பு’ என்று எழுதி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். எம்.ஆர்.ஐ.யில் இடது மூளையின் உட்பகுதியில் 18 மில்லிமீட்டர் பாதிப்பு, இடது நடுப் பெருமூளைத் தமனியில் 50 முதல் 60 சதவீதம் சுருக்கம் என்று வந்தது. ‘பெரிய ரத்தக்குழாய் நோய்’ என்றார்கள். போன வாரம் மூன்றாவதாக ஓர் இடத்தில் காட்டினோம். இதயத்துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் கருவியில் ‘சிறிது நேரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று ரிப்போர்ட். இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போயிருக்கும், மாத்திரையை மாற்ற வேண்டும் என்கிறார் அங்கிருக்கும் இதய மருத்துவர். ஆனால் அதே இடத்தில் கொடுத்த சம்மரியில் ‘காரணம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? முதலில் தவறான வைத்தியம் நடந்துவிட்டதா? மாத்திரையை மாற்றலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஹோல்டரின் பட்டையை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யும்வரை மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம். புதியதைப் பழையதோடு சேர்த்தும் கொடுக்க வேண்டாம். முதல் மருத்துவமனையில் நடந்த வைத்தியத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ‘யார் சரி’ என்று கேட்டால், அவரவர் கையில் அன்று இருந்த தாளை வைத்துப் பார்க்கும்போது மூவரும் சரி. மழுப்பலாகத் தோன்றும், விளக்குகிறேன்.

ஸ்ட்ரோக் வந்தவரை உள்ளே கொண்டுவந்ததும் முடிவாக வேண்டியது ஒன்றுதான்: ரத்தக்கசிவா, அடைப்பா? சி.டி. அதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு அபூர்வம். கசிவு இல்லையென்றால், நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. பெரிய தமனி முழுதாக அடைத்திருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பது. இந்த இரண்டுமே ‘கட்டி எங்கிருந்து வந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அப்பா ஏழு மணி நேரம் கழித்து வந்ததால் வழக்கமான ஊசிக்கு நேரம் கடந்திருந்தது. பின்னால் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தமனி சுருங்கித்தான் இருந்தது, அடைபடவில்லை. ஆகவே இழுத்தெடுக்க அங்கே கட்டி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்த நேரத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு ரத்தத்தட்டு மாத்திரைகளும் (ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை) ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் கொடுத்தது, லேசான ஸ்ட்ரோக்குக்கு உலகம் முழுவதும் செய்வதுதான்.

வகை பிரிப்பது அதற்கு அடுத்த கட்டம், அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுப்பதற்காக. இதற்கு இன்றும் அதிகம் புழங்கும் அளவுகோலின் பெயர் டோஸ்ட். 1993-இல் அமெரிக்காவில் ஆர்க் 10172 என்ற மருந்தைச் சோதிப்பதற்காக வகுத்தது. 1998-இல் முடிவு வந்தபோது அந்த மருந்தால் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது. மருந்தை இன்று யாரும் நினைப்பதில்லை. அளவுகோல் மட்டும் எல்லா வார்டுகளிலும் தங்கிவிட்டது. அதில் ஐந்து பெட்டிகள்: பெரிய தமனியில் கொழுப்புப் படிவு, இதயத்திலிருந்து வந்த கட்டி, சிறிய ரத்தக்குழாய் அடைப்பு, தமனி உட்சுவர் கிழிவது போன்ற வேறு காரணங்கள், கடைசியாகத் ‘தீர்மானிக்கப்படாதது’.

இந்த ஐந்தாவது பெட்டிதான் வம்பு. எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் கிடைக்காதவரும் அதில், பாதிப் பரிசோதனையோடு வீட்டுக்குப் போனவரும் அதில், ஒன்றுக்கு இரண்டு காரணம் அகப்பட்டவரும் அதிலேயே. மூன்று பேருக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது வெவ்வேறு. சம்மரியில் மூவருக்கும் ஒரே சொல்.

டோஸ்ட்டை வகுத்தவர்களே அது எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரோக்கில் தனி ஆர்வம் உள்ள 24 நரம்பியல் மருத்துவர்களிடம் 18 நோயாளிகளின் விவரத்தையும் சி.டி. படங்களையும் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே வரையறை. அப்படியும் இருவர் இருவராக எடுத்துப் பார்த்தால் 100-க்கு 64 தடவைதான் ஒத்துப்போனது. இந்த 64 என்ற எண் கொஞ்சம் ஏமாற்றும். கண்ணை மூடிக்கொண்டு பெட்டிகளில் போட்டாலும் சில தடவை தற்செயலாகப் பொருந்தும் அல்லவா? அங்கே அது ஏறக்குறைய 22. அதைக் கழித்தால் 42 மிஞ்சுகிறது. தற்செயலுக்கு மேல் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 78. 42-ஐ 78-ஆல் வகுத்தால் 0.54. இதைத்தான் கப்பா என்கிறோம்: முழு ஒற்றுமைக்கு 1, வெறும் தற்செயலுக்கு 0. 0.41 முதல் 0.60 வரை ‘மிதமான ஒற்றுமை’ என்பது வழக்கம். இதயக் கட்டியிலும் பெரிய தமனியிலும் ஒற்றுமை கூடுதலாக இருந்தது. மிகவும் சரிந்தது, எதிர்பார்த்தபடியே, ‘தீர்மானிக்கப்படாதது’ என்ற பெட்டியில்.

ஒரே தாளைப் பார்த்த நிபுணர்களின் நிலையே இது. உங்கள் அப்பாவைப் பார்த்த மூவரோ மூன்று வெவ்வேறு தாள்களைப் பார்த்தவர்கள்.

இனி அப்பாவின் விவரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலில் பேச்சு. ‘பேச்சு சரியாக வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், டியூட்டி மருத்துவரும் அப்படியே எழுதிக்கொள்வார். ஆனால் இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. வாய் குழறியது, சொல் தெளிவில்லை, ஆனால் சொல்ல வந்தது சரியான சொல்தான் என்றால் அது மூளையின் உட்பகுதியில் சிறு அடைப்பு வந்தாலே நடக்கும். சொல்லே கிடைக்கவில்லை, ‘தண்ணீர்’ கேட்க வந்தவர் வேறெதையோ சொன்னார், நாம் சொன்னது புரியாமல் விழித்தார் என்றால் மூளையின் மேற்பரப்பு பாதித்திருக்கிறது என்று பொருள். அது பெரிய தமனியையோ இதயத்தையோ நோக்கிக் கை நீட்டும். இந்த ஒரு வேறுபாட்டை அன்று குறிக்காமல் விட்டால் பிறகு எத்தனை பேர் கேஸ் ஷீட்டைப் படித்தாலும் ஆளுக்கொரு பெட்டியில்தான் போடுவார்கள். அன்று கூட இருந்தவர் யாரோ அவரைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்: பெயர் சொல்ல முடிந்ததா, சொன்னது புரிந்ததா, பார்வை ஒரு பக்கம் மறைத்ததா, முகம் கோணியதா, கை கால் இரண்டும் ஒரே அளவில் பலமிழந்தனவா?

அடுத்தது 18 மில்லிமீட்டர். டோஸ்ட்டில் சிறிய குழாய் அடைப்பு என்று சொல்ல வேண்டுமானால் பாதிப்பு 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2007-இல் வந்த சி.சி.எஸ். என்ற கணினி வழி வகைப்பாடும், எம்.ஆர்.ஐ.க்கென்று 2013-இல் வகுத்த சொல்வரையறையும் 20 மில்லிமீட்டர் வரை இடம் தருகின்றன. முதல் நாட்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் வீக்கமும் சேர்ந்து பாதிப்பு பெரிதாகத் தெரியும், மாதங்கள் கழித்து அதே இடம் சுருங்கிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆக 18 என்பது ஓர் அளவுகோலில் உள்ளே, இன்னொன்றில் வெளியே.

மூன்றாவது, தமனியின் சுருக்கம். நடுப் பெருமூளைத் தமனியின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய இடத்தில் 1.5 இருந்தால் 50 சதவீதம் சுருக்கம், 1.2 இருந்தால் 60, 1.8 இருந்தால் 40. பத்துப் பத்து சதவீதமாகத் தாவுவதற்கு 0.3 மில்லிமீட்டர் போதும். படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். ‘பெரிய தமனி’ பெட்டிக்கு வாசல் 50 சதவீதம். உங்கள் ரிப்போர்ட் வாசற்படியிலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு, மருந்து ஏற்றாமல் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாயை எடுக்கும் படம்), சுருக்கத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் பழக்கம் உள்ளது. குறுகிய இடத்தில் ரத்தம் சுழன்று ஓடுவதால் சிக்னல் தொலைந்து, அங்கே குழாயே இல்லாததுபோல் தெரியும்.

இன்னொரு சிக்கல். நடுப் பெருமூளைத் தமனியின் சுவரில் படிந்த கொழுப்பு, அதிலிருந்து பிரியும் மெல்லிய கிளையின் வாயை மட்டும் மூடிவிடலாம். படத்தில் சின்னக் குழாய் அடைப்பு மாதிரியே இருக்கும், நோய் இருப்பது பெரிய குழாயில். தலைக்குள் இருக்கும் தமனிகளில் இப்படிப் படிவது ஆசியர்களிடம் அதிகம். 2011-இல் சீன மருத்துவர்கள் வகுத்த வகைப்பாடு இதை வெளிப்படையாகப் பெரிய தமனிப் பெட்டியில் வைக்கிறது. அப்பாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். படத்தை நேரில் பார்க்காமல் ஊகத்துக்கு மேல் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஹோல்டர். ‘சிறிது நேரம்’ என்றால் எத்தனை வினாடி? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்.) என்று பெயர் சூட்ட, ஒழுங்கற்ற துடிப்பு, மேலறை முறையாகத் துடிப்பதைக் காட்டும் பி-அலை இல்லாமல் குறைந்தது 30 வினாடி பதிவாகியிருக்க வேண்டும் என்பது நடைமுறை. மேலறையிலிருந்து அவசரமாகக் கிளம்பும் கூடுதல் துடிப்புகள் வரிசையாக வந்தாலும், பேஷன்ட் கையை அசைத்ததால் கோடு கலங்கினாலும், கணினி ஏ.எஃப். என்று அச்சடித்துவிடும். எட்டு வினாடி ஓட்டத்தை வைத்து, வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய உறைவு எதிர்ப்பு மாத்திரையை முடிவு செய்யக் கூடாது.

இப்போது மூன்று பதில்களையும் டோஸ்ட் என்ற ஒரே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் இடத்தில் தெரிந்தது: சர்க்கரை, பி.பி., ஒருபக்க பலவீனம், நார்மல் சி.டி. விதிப்படி ‘சிறிய குழாய் அடைப்பாக இருக்கக்கூடும்’. இரண்டாம் இடத்தில் 18 மில்லிமீட்டரும் 50 சதவீதத்துக்கு மேல் சுருக்கமும் சேர்ந்தன. விதிப்படி பெரிய தமனி. மூன்றாம் இடத்தில் ஏ.எஃப். சேர்ந்தது, காரணம் இரண்டானது. விதிப்படி ‘தீர்மானிக்கப்படாதது’. கூடுதலாக ஒன்று தெரியத் தெரிய, பெயர் தெளிவிலிருந்து குழப்பத்துக்குப் போயிருக்கிறது. நம்புவதற்குக் கடினம்தான், ஆனால் விதி அப்படி.

இதைச் சரிசெய்யத்தான் சி.சி.எஸ். வந்தது. எல்லா மருத்துவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, எந்தக் காரணத்துக்கு வலு அதிகம் என்று கணினியே சொல்லும். மருத்துவர்களுக்குள் ஒற்றுமை கூடியது. அதற்குக் கொடுக்கும் தகவல் பிழையென்றால் எல்லோரும் ஒற்றுமையாகத் தவறுவார்கள், அது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது ஆஸ்காட் என்ற 2013-ஆம் ஆண்டு முறை. ஒரே பெட்டியில் போடச் சொல்லாமல், தமனிப் படிவு, சிறு குழாய், இதயம், வேறு காரணம், தமனிக் கிழிவு என்று ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண் போடச் சொல்கிறது: 1 என்றால் காரணமாக இருக்கத்தக்கது, 2 என்றால் தொடர்பு உறுதியில்லை, 3 என்றால் நோய் இருக்கிறது ஆனால் இதற்குக் காரணமாக வாய்ப்பில்லை, 0 என்றால் தேடியும் இல்லை, 9 என்றால் சரியாகத் தேடவே இல்லை. அந்த 0-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம்தான் பெரும்பாலான சம்மரிகளில் காணாமல்போவது.

சரி, பெயர் எதுவாக இருந்தால் என்ன, மாத்திரை மாறுமா? சிறு குழாய், பெரிய தமனி இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ரத்தத்தட்டு மாத்திரை, ஸ்டாட்டின், பி.பி., சர்க்கரைக் கட்டுப்பாடு. முதல் இரண்டு மருத்துவமனைகளின் சண்டையால் அப்பாவின் மாத்திரை டப்பாவில் பெரிய மாற்றம் வராது. தலைக்குள் இருக்கும் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களை எடுத்துக்கொண்ட சாம்ப்ரிஸ் ஆய்விலேயே, 2011-இல், ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாளுக்குள் மறுபடி ஸ்ட்ரோக் அல்லது மரணம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 5.8. அப்பாவின் சுருக்கமோ அந்த அளவைக்கூட எட்டவில்லை.

மாத்திரையை மாற்றக்கூடியது ஏ.எஃப். ஒன்றுதான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஏ.எஃப். கண்டுபிடிக்கப்பட்டதாலேயே இந்த ஸ்ட்ரோக் அதனால் வந்தது என்று ஆகிவிடாது. காரணம் தெரியாத ஸ்ட்ரோக் வந்தவர்களின் மார்புத் தோலுக்கடியில் மானிட்டர் பொருத்திய 2014 ஆய்வில் ஒரு வருடத்தில் 12.4 சதவீதம் பேரிடம் ஏ.எஃப். அகப்பட்டது. சிறு குழாய் அல்லது பெரிய தமனிதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு அதே கருவியைப் பொருத்திய 2021 ஆய்விலும் 12.1 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே எண். பலரிடம் ஏ.எஃப். வேடிக்கை பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றதாகவும் இருக்கலாம். ஆனால் மாத்திரை முடிவுக்கு அந்த வழக்கு தீர வேண்டியதில்லை. ஸ்ட்ரோக் வந்ததற்கு 2, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1 என்று ஏ.எஃப். ஆபத்துக் கணக்கில் அப்பாவுக்கு 4 புள்ளிகள். ஏ.எஃப். உண்மையென்று உறுதியானால், இந்த ஸ்ட்ரோக்குக்கு அது காரணமோ இல்லையோ, அடுத்ததைத் தடுக்க உறைவு எதிர்ப்பு மாத்திரை வேண்டும். பொய்யென்றால் வேண்டாம். சந்தேகத்தின் பேரில் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் சரிவராது: மூலம் தெரியாத கட்டியால் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு ரிவராக்சாபன், டாபிகாட்ரான் என்ற புதுவகை உறைவு எதிர்ப்பு மாத்திரைகளை ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட 2018, 2019 ஆய்வுகளில் மறு ஸ்ட்ரோக் குறையவில்லை.

ஆகவே ‘யார் சரி’ என்று இன்னொரு நான்காவது கதவைத் தட்டாமல், விட்டுப்போனதை முடியுங்கள். ஹோல்டர் எடுத்த இடத்தில் சுருக்க ரிப்போர்ட் போதாது, அந்த நேரத்துக்குரிய பட்டையின் பிரிண்ட் வேண்டும் என்று கேளுங்கள். அதை இதய மருத்துவர் பார்த்து எத்தனை வினாடி என்று கையெழுத்திடட்டும். 30 வினாடி தேறாவிட்டால் மார்பில் ஒட்டும் பேட்ச் மானிட்டர் 14 நாளாவது போடச் சொல்லுங்கள். 24 மணி நேரம் என்பது வலையை ஒரு தரம் வீசிப் பார்ப்பது. கனடாவில் நடந்த ஒரு ஆய்வில் 30 நாள் பதிவில் 16.1 சதவீதம் பேரிடம் ஏ.எஃப். அகப்பட்டது, இன்னொரு 24 மணி நேரப் பதிவில் 3.2 மட்டுமே.

எக்கோ எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் எடுங்கள், வால்வைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்து ஏ.எஃப்.பும் இருந்தால், புதுவகை உறைவு எதிர்ப்பு மாத்திரைகள் பொருந்தாது, பழைய வார்ஃபரின்தான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். இதை 2022-இல் வந்த ஆய்வும் உறுதி செய்தது.

கழுத்துக் குழாய் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இடது கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும், அதுவும் முதல் இரண்டு வாரத்தில் செய்தால்தான் பலன் அதிகம். ஏற்கெனவே ஐந்து வாரம் போய்விட்டது. கழுத்தையும் தலையையும் ஒரே மூச்சில் பார்க்க சி.டி. ஆஞ்சியோ எடுத்துவிட்டால், அந்த 50–60 சதவீதச் சந்தேகமும் தீரும். 14 வருடச் சர்க்கரை என்பதால் முன்னதாக சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அவசரமாகக் கவனிக்க வேண்டியது. லேசான ஸ்ட்ரோக்குக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து பொதுவாக 21 நாள்தான். தலைக்குள் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் என்றால் 90 நாள் வரை நீட்டுவார்கள். அப்பா ஐந்தாவது வாரத்திலும் இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தால், நிறுத்தும் தேதியை யாரும் எழுதவில்லை என்று அர்த்தம். சிறு குழாய் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இரண்டையும் வருடக்கணக்கில் கொடுத்த 2012 ஆய்வில் ஸ்ட்ரோக் குறையவில்லை, ரத்தக்கசிவும் மரணமும் கூடின. எதை எப்போது நிறுத்துவது என்று இந்த வாரமே கேளுங்கள். ஏ.எஃப். உறுதியாகி உறைவு எதிர்ப்பு மாத்திரை தொடங்கினாலும், ரத்தத்தட்டு மாத்திரையை எந்த நாளில் விடுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் கூடினால் மூளையிலும் குடலிலும் கசிவு வரும் ஆபத்து கூடும். பெயர் எதுவானாலும் பி.பி. மேல் எண் 130-க்குள், கெட்ட கொழுப்பு 70-க்குள்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் தாள்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், எம்.ஆர்.ஐ. படங்கள் அடங்கிய டிஸ்க்கையோ லிங்க்கையோ கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டைப் படிப்பவர் இன்னொருவரின் முடிவைப் படிக்கிறார், படத்தைப் பார்ப்பவர்தான் தானே அளக்க முடியும். அதோடு, மூன்று இடத்துத் தாள்களையும் ஒரே நரம்பியல் மருத்துவர் முன் ஒரே நேரத்தில் வையுங்கள். புதிய சம்மரியில் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல், நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: பெரிய தமனியில் என்ன தெரிந்தது, சிறு குழாய்ப் பாதிப்பின் அளவு என்ன, இதயத்தில் எத்தனை மணி நேரம் தேடி எத்தனை வினாடி ஏ.எஃப். கிடைத்தது, இன்னும் எடுக்காத பரிசோதனை எது.